தண்ணிக்கு ஒரு டிரையல் பேலன்ஸ்!

பி.காம். படித்தவனைச் சொந்தக்காரர்கள் எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுத, வருமான வரி ரிட்டர்ன் போட, சீட்டுக் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு 'பணம் வரும், வராது' என்று ஜோசியம் சொல்ல... இத்தோடு சரி. 'உடம்பு சரியில்லை, வந்து பார்' என்று ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அதுவும், பவளத்துக்கு உடம்பு சரியில்லை என்று!

கூப்பிட்டவர் என் பெரியப்பா மகன். பட்டுக்கோட்டைக்காரர். இருபது வருஷமாக சிங்கப்பூர்வாசி. ஈசூனில் பன்னிரண்டாவது மாடி ஃபிளாட். 2023 மே மாதக் கடைசியில், ஒரு மாசம் விருந்தாளியாகப் போய் இறங்கினேன். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, 'ஊர்ல மழை உண்டா?' இல்லை.

"டேய் தம்பி, ஆல்கலினிட்டின்னா என்னன்னு தெரியுமாடா?"

"அசிடிட்டி தெரியும்ணே. ராத்திரி பரோட்டா சாப்பிட்டா வரும்."

அண்ணன் சிரிக்கவில்லை. விஷயம் சீரியஸ் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஹாலில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. 300 லிட்டர் கொள்ளளவு. பாறைகள் ஆக்கிரமித்தது போகத் தண்ணீர் 250 லிட்டர். மேலே நீல விளக்கு. மீன்கள் பேருக்கு நாலு. மீதியெல்லாம் பவளம்.

நமக்குப் பவளம் என்றால் மோதிரம்தான் ஞாபகம் வரும். செவ்வாய் தோஷம், மோதிர விரல், தட்டான் கூலி! உயிரோடு இருக்கிற பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. பொடிப் பொடி ஜீவன்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொள்கிற அபார்ட்மென்ட் அது. அந்த ஜீவன்களின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடித்தனம் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் பாசி சமையல் செய்யும். அதில் பெரும் பங்கு வாடகையாக ஓனருக்கு! குடித்தனக்காரர்கள் காலி பண்ணிவிட்டால் வீடு வெளுத்துவிடும், ஓனர் பட்டினி.

அண்ணன் வீட்டில் அதைவிட மோசம். மான்கொம்பு மாதிரி கிளை கிளையாக இருக்கிற பவளத்தில், அடியிலிருந்து சதை உரிந்துகொண்டு வந்தது. உரிந்த இடத்தில் வெறும் எலும்பு, புதுசாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பளீர் வெள்ளை.

"இதுதான் சித்தப்பா குட்டிமான்" என்று அறிமுகப்படுத்தினாள் பாப்பா. பதினோரு வயசு. அவளுடைய எட்டாவது பிறந்த நாளைக்கு அப்பா வாங்கிக்கொடுத்தது. வந்தபோது அவள் சுண்டு விரல் அளவு. மூணு வருஷத்தில் விரித்த உள்ளங்கை அளவு. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். இப்போது அடியில் ரெண்டு அங்குலம் வெள்ளை.

"செத்துடுமா சித்தப்பா?"

வட்டி எவ்வளவு என்று கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது?

அண்ணியின் நிலைமை வேறு. "நீங்களாவது சொல்லுங்க தம்பி. எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கிட்டு வரமாட்டார். இதுக்கு வாரா வாரம் டானிக்கு! ஸ்கூல் லீவு முடியட்டும்... ஒண்ணு அது பொழைக்கணும், இல்ல, தொட்டியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடணும். தினம் இந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடி உக்காந்து அழுவுறதைப் பார்க்க முடியலை."

லீவு முடிய நாலு வாரம். எனக்கு ஊர் திரும்பவும் நாலு வாரம்.

* * *

அன்றைக்கு ராத்திரி தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தேன். பதினோரு பாட்டில்!

நம் ஊரில் ஒருத்தனுக்கு ஜுரம் என்றால் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள் அல்லவா? பவள உலகமும் அப்படித்தான். கடைக்காரர் ஒருத்தர், "கால்சியம் கம்மி" என்று ஒரு பாட்டில். தொட்டி வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர், "பி.ஹெச். இறங்கியிருக்கு" என்று இன்னொன்று. மூன்றாமவர், "தண்ணியில பாஸ்பேட் ஜாஸ்தி" என்று அதை உறிஞ்ச இரும்புத்தூள் மாதிரி ஒரு பொட்டலம். நாலாமவர், "பாஸ்பேட்டே இல்லை, பவளம் பட்டினி கிடக்கு" என்று சாப்பாட்டு பாட்டில். மூன்றாமவரும் நாலாமவரும் ஒரே தொட்டிக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கியது குட்டிமான்.

"அண்ணே, ஒரு ஹெல்ப் பண்ணுங்க. மூணு நாளைக்கு எதையும் ஊத்தாதீங்க."

"செத்துப்போச்சுன்னா?"

"ஊத்திக்கிட்டு இருக்கும்போதுதானே சாவுது?"

ஆடிட் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். கணக்கு குழம்பிக் கிடக்கிற கம்பெனிக்குள் நுழைந்தால் முதல் வேலை செக் புத்தகத்தை வாங்கிப் பூட்டுவது. வரவு செலவு நடந்துகொண்டே இருந்தால் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது, லெட்ஜர். அண்ணன் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆனால், கடை பில்களை பர்ஸில் சேர்த்து வைத்திருந்தார். டெஸ்ட் கிட் கலர் மாறியதையெல்லாம் செல்போனில் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார். பில்லில் தேதி இருக்கிறது. போட்டோவில் தேதி இருக்கிறது. வவுச்சர் கிடைத்துவிட்டால் கணக்குப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? இடது பக்கம் 'என்ன ஊற்றினார்', வலது பக்கம் 'அப்புறம் என்ன ஆனது' என்று பாப்பாவின் பழைய கணக்கு நோட்டில் எழுதி முடித்தபோது மணி இரண்டு. அடுத்த மூணு ராத்திரி பவளம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

ஆச்சரியம்! பவளத்தின் பிழைப்பே டபுள் என்ட்ரிதான்.

* * *

அதன் எலும்பு கால்சியம் கார்பனேட். அதாவது ஒரு பங்கு கால்சியம், ஒரு பங்கு கார்பனேட். இரண்டையும் தண்ணீரிலிருந்துதான் எடுக்கும். ஒன்றை எடுத்து இன்னொன்றை விட முடியாது. இந்தக் கார்பனேட் கையிருப்பைத்தான் சுற்றி வளைத்து 'ஆல்கலினிட்டி' என்கிறார்கள். அளவு, டி.கே.ஹெச். என்கிற டிகிரியில். கடல் தண்ணீரில் இது சுமார் 7. தொட்டியில் 7-லிருந்து 11-க்குள் இருக்கலாம் என்பார்கள். கால்சியம் கடலில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம். கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலேயே ஒன்று சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடாமல் நடுவில் நின்று விலக்கிவிடுகிற பஞ்சாயத்துத் தலைவர், மெக்னீஷியம். சுமார் 1,300 மில்லிகிராம்.

இதில் நம்ம ஆபீஸ் மூளைக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஆல்கலினிட்டி ஒரு டிகிரி குறைந்தால் கால்சியம் சுமார் 7 மில்லிகிராம்தான் குறையும். 8-ல் ஒன்று போனால் உடனே தெரியும். 420-ல் ஏழு போனால் டெஸ்ட் கிட்டுக்கே தெரியாது. ஆல்கலினிட்டி என்பது சட்டைப் பையில் இருக்கிற சில்லறை. கால்சியம் பேங்க்கில் இருக்கிற ஃபிக்சட் டெபாசிட். வீட்டில் கஷ்டம் வந்தால் எது முதலில் கரையும்? மாசக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசு தேடியவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லலாம்!

நோட்டில் ஆல்கலினிட்டி வரிசையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை 6.4. சனிக்கிழமை 9.8. அடுத்த வெள்ளி 6.5. அடுத்த சனி 9.7. அண்ணனுக்கு சனிக்கிழமைதான் லீவு. வாரம் பூரா பட்டினி போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் மூடி மூடியாக ஊற்றியிருக்கிறார்! அது போதாதென்று, 'பி.ஹெச். ஏற்றுகிற' பாட்டில் வேறு. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் கார்பனேட்தான். ஒரே செலவை இரண்டு தலைப்பில் எழுதிய கதை.

பவளத்துக்கு 7-ம் பிடிக்கும், 9-ம் பிடிக்கும். இன்றைக்கு 6, நாளைக்கு 10 என்றால்தான் பிடிக்காது. சதை அடியிலிருந்து உரிவதற்கு இந்த ஊஞ்சலாட்டம் ஒரு முக்கியமான காரணம்.

"அப்ப அதுதான் வியாதியா?" என்றார் அண்ணன்.

"இருங்கண்ணே. இது ஜுரம். வியாதி வேற எங்கயோ இருக்கு. உங்களுக்கு முதன் முதல்ல பாட்டில் வாங்கத் தோணினது ஏன்?"

"எல்லாமே கம்மியா காட்டுச்சுடா. ஆல்கலினிட்டி, கால்சியம், மெக்னீஷியம்... எல்லாம்."

எல்லாமே கம்மி! கல்லாவில் ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும் குறைந்தால் திருட்டு. நோட்டு, சில்லறை எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால்..? கல்லாவை எண்ணுகிற விதத்திலேயே கோளாறு.

* * *

தொட்டித் தண்ணீரில்தான் பதினோரு பாட்டில் கலந்திருக்கிறதே, அதில் என்ன கண்டுபிடிப்பது? எனவே வாராந்திரத் தண்ணீர் மாற்றலுக்காக அவர் கலந்து வைத்திருந்த புது உப்புத் தண்ணீரைச் சோதித்தோம். இன்னும் யார் கையும் படாத வாளி. கணக்கு பாஷையில், ஓப்பனிங் பேலன்ஸ்.

உப்பு மூட்டையின் மேல் அச்சடித்திருந்தது: ஆல்கலினிட்டி 8, கால்சியம் 420, மெக்னீஷியம் 1,300. வாளியில் இருந்தது: 7.1, 375, 1,160. பாப்பாவை விட்டே வகுக்கச் சொன்னேன். முதலாவது 89 சதவீதம். இரண்டாவது 89 சதவீதம். மூன்றாவதும் 89 சதவீதம்!

"சித்தப்பா! எல்லாம் சேம்!"

மூன்று கணக்கும் ஒரே மாதிரி உதைக்கிறது என்றால் மூன்று வியாதி இல்லை, ஒரே வியாதி. தண்ணீரில் உப்பே பதினோரு சதவீதம் கம்மி. பால்காரர் விஷயத்தில் நமக்கு நன்றாகப் பழக்கப்பட்ட பிரச்னை இது!

"சான்ஸே இல்ல. நான்தான் ஒவ்வொரு தடவையும் அளந்து ஊத்துறேனே!" என்று அண்ணன் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்துப் பார்த்தால் உப்பு எவ்வளவு என்று கோடு காட்டும். கடல் தண்ணீருக்கு 35 காட்ட வேண்டும். ஆயிரம் கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பு என்று அர்த்தம். வாளித் தண்ணீருக்கு மிகச் சரியாக 35 காட்டியது.

"அண்ணே, உப்பே இல்லாத தண்ணியை விட்டுப் பாருங்க."

சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆனால், அதில் கிருமி கொல்ல குளோராமின் கலக்கிறார்கள், பவளத்துக்கு ஆகாது. அதனால் எல்லாவற்றையும் வடிகட்டிச் சுத்தமாக்கும் ஃபில்டர் ஒன்று சமையலறையில் இருந்தது. அதன் மீட்டரில் பூஜ்யம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். கண்ணில் வைத்தார். எடுத்தார். துடைத்தார். மறுபடி வைத்தார்.

"எவ்வளவு?"

"...நாலு."

பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் நாலு. 35 காட்டினால் உண்மையில் 31. முப்பத்தைந்துக்கு முப்பத்தொன்று எத்தனை சதவீதம்? பாப்பா கால்குலேட்டரைத் தட்டுவதற்கு முன்னால் எனக்கு விடை தெரியும். 89!

"இது எப்பலேர்ந்து இப்படி?"

அண்ணனுக்கு ஞாபகமில்லை. சமையலறையிலிருந்து சாட்சி வந்தது. "தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு நான் வடை தட்டிக்கிட்டு இருக்கும்போது 'டமால்'னு ஒரு சத்தம் கேட்டுச்சே... 'ஒண்ணும் இல்ல, கை தவறிடுச்சு'ன்னீங்களே, அதுவா?"

அதுவேதான். ஏப்ரல் 14. கீழே விழுந்த வேகத்தில் கருவிக்குள் அளவு நகர்ந்திருக்கிறது. மறுநாள் அளந்தால் தொட்டித் தண்ணீருக்கு 39 காட்டியிருக்கிறது. 'ஐயோ, தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிவிட்டது' என்று பதறி, இரண்டே நாளில் உப்புத் தண்ணீரை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரை ஊற்றி, 35-க்குக் கொண்டுவந்திருக்கிறார். அதாவது, சரியாக இருந்ததைத் தப்பு என்று நினைத்து, தப்பாக்கி, 'அப்பாடா, சரி பண்ணிட்டோம்' என்று தூங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு வாராவாரம் மாற்றிய தண்ணீரும் அதே 31. அதற்கு மேல்தான் பதினோரு பாட்டில்.

டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாரும் நோயாளியைச் சுற்றி நிற்கிறார்கள். தெர்மாமீட்டர்தான் உடைந்திருக்கிறது!

* * *

கண்டுபிடித்தாயிற்று. அண்ணன் உடனே எழுந்தார். "ஒரு கிலோ உப்பைக் கலந்து ஊத்திடவா?"

"உக்காருங்க. ரெண்டு நாள்ல இறக்கினதாலதான் இந்தக் கஷ்டமே."

தினம் தொட்டியிலிருந்து சுமார் மூணு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும். அதனால், வழக்கமாக நல்ல தண்ணீரால் ஈடு செய்வார்கள். நாங்கள் அந்த மூணு லிட்டருக்கு, சரியான உப்புத் தண்ணீரையே ஊற்றினோம். 250 லிட்டருக்கு லிட்டருக்கு 4 கிராம் வீதம் ஒரு கிலோ பாக்கி. தினம் 105 கிராம் வரவு. பத்து நாளில் கடன் அடைந்துவிடும். வட்டியில்லாத் தவணை! முன்னதாகக் கருவியை, 35 என்று சான்று கொடுத்த திரவத்தை வாங்கி வந்து திருகித் திருத்திக்கொண்டோம்.

உப்பு சரியானதும் ஆல்கலினிட்டி. அண்ணன் மறுபடி பாட்டிலைத் தேட, நான் நோட்டைக் காட்டினேன். மூணு நாள், தினம் ராத்திரி எட்டு மணிக்கு, எதையும் ஊற்றாமல் அளந்தோம். 8.2, 7.7, 7.2. நாளொன்றுக்கு அரை டிகிரி செலவு. வீட்டுச் செலவு எவ்வளவு என்று தெரிந்தால்தானே சம்பளத்தில் எவ்வளவு கொடுப்பது என்று தெரியும்?

அரை டிகிரியை ஈடு செய்ய என்ன மருந்து? சோடியம் பை-கார்பனேட். அப்படியென்றால்? அண்ணி சமையலறையிலிருந்து டப்பாவோடு வந்தார். ஆப்ப சோடா! (சுத்தமான சோடா மட்டும். கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடர் வேறு; அதைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.) 250 லிட்டருக்கு அரை டிகிரி ஏற்றத் தேவை, நாலு கிராமுக்கும் குறைவு. ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை.

"இதுக்கா இத்தனை டாலர்?" என்றார் அண்ணி. அண்ணன் அந்த நேரம் பார்த்து மீனுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

சோடாவை நல்ல தண்ணீரில் கரைத்து, சொட்டு மருந்து போடுகிற சின்ன பம்ப் மூலமாக ராத்திரி முழுக்க சொட்டுச் சொட்டாக. கால்சியம் குளோரைடு கரைசல் பகலில், தனியாக. இரண்டும் ஒரே டம்ளரில் சந்தித்தால் அங்கேயே திரிந்து சுண்ணாம்பாகிவிடும். மாமியாரையும் மருமகளையும் ஒரே சமையலறையில் விடக் கூடாது என்பது போலத்தான்.

பி.ஹெச். பஞ்சாயத்து ஒன்று பாக்கி இருந்தது. 7.8-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. 8-க்கு மேல் இருந்தால் பவளம் சந்தோஷமாக எலும்பு கட்டும். ஒரு வாளித் தொட்டித் தண்ணீரை வெளியே காரிடாரில் வைத்து, ஒரு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டுப் பார்த்தோம். 8.1! தண்ணீரில் குற்றமில்லை, ஹாலில் இருக்கிற காற்றில்தான். ஏ.சி.க்காக நாள் முழுக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, அண்ணன், அண்ணி, பாப்பா, நான் என நாலு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாக இழுக்கிறது. மருந்து? ஜன்னலைத் திறப்பது! பாட்டில் நம்பர் ஆறு, ஏழு இரண்டும் குப்பைக்குப் போயின.

* * *

இத்தனையும் சரியாகிக்கொண்டு வந்தபோது, குட்டிமானின் வெள்ளை மட்டும் நிற்கவில்லை. ஆரம்பித்த உரிதல் தானாக நிற்பது அபூர்வமாம். நாளுக்குக் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டே வந்தது. கணக்கு டாலி ஆனால் மட்டும் செத்த பணம் திரும்பி வந்துவிடுமா என்ன?

ஒரே வழி, வெட்டுவது. உரிந்த கோட்டுக்கு மேலே, நல்ல சதையில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நறுக்கி, துண்டுகளைத் தனித்தனியாக ஒட்டி வைப்பது. மூணு வருஷத்து மானைத் துண்டு துண்டாக!

"வேண்டாம்ப்பா" என்றாள் பாப்பா. அப்புறம் வெள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி. ஆனா நான் பார்ப்பேன்" என்றாள்.

அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்தார். கை நடுங்கியது. இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே தூக்கி, இரண்டு தடவை உள்ளே வைத்தார். "கொடுங்க இப்படி" என்று வாங்கினார் அண்ணி. தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடு என்று சொன்ன அதே அண்ணி. முருங்கைக்காய் நறுக்குவது போல, யோசிக்காமல் டக், டக், டக். ஏழு துண்டு. நறுக்கிய ஒவ்வொன்றையும் பாப்பா வாங்கி, ஜெல் மாதிரியான சூப்பர் க்ளூ வைத்து, பட்டன் அளவு பீங்கான் வில்லையில் ஒட்டினாள். ஒட்டி முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

நான் ஊர் திரும்பும்போது ஏழில் மூன்று போய்விட்டது. நாலு நின்றிருந்தது. லீவும் முடிந்திருந்தது. தொட்டியைக் கொடுப்பதைப் பற்றி அண்ணி பேசவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

செப்டம்பரில் ஒரு போட்டோ வந்தது. பசை தெரியவில்லை. பல்லைச் சுற்றி ஈறு வளர்ந்த மாதிரி, வில்லையின் மேல் ஊதாச் சதை படர்ந்திருந்தது. பக்கத்தில் ஸ்கேல். கீழே ஒரு வரி: "சித்தப்பா, மூணு எங்க வீட்டுல. ஒண்ணை என் ஃபிரெண்டு வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்துட்டேன். இன்ஷூரன்ஸ்!"

* * *

இதைப் படித்துவிட்டு, 'நாமும் ஒரு பவளம் வாங்கி வைத்தால் என்ன?' என்று கிளம்பிவிடாதீர்கள். சிங்கப்பூர் கடையில் பவளம் அனுமதிச் சீட்டோடு விற்கிற பொருள். இங்கே, 2001-லிருந்து கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குப் பக்கத்து சீட். வீட்டில் புலி வளர்ப்பீர்களா?

பார்க்க ஆசையென்றால் நம்மிடமே இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள்தான். 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பம்ப், பாட்டில், பி.காம். யாருமில்லாமல் உப்பும் சுண்ணாம்பும் காலங்காலமாகத் தானாக டாலி ஆகிக்கொண்டிருக்கிற இடம்.

ஆகிக்கொண்டிருந்த இடம் என்று சொல்லும்படி ஆகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. கடல் சூடு வழக்கமான உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி ஏறிச் சில வாரம் நின்றாலே, குடித்தனக்காரப் பாசிகள் வீட்டைக் காலி செய்துவிடும். மன்னார் வளைகுடா 2010-ல் வெளுத்தது; 2016-லும் வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளம் வெளுக்கிறது, இது நாலாவது தடவை என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அது போதாதென்று, நாம் விடுகிற புகையில் ஒரு பங்கு கடலில் கரைகிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் சுமார் 8.2 இருந்த கடலின் பி.ஹெச். இப்போது சுமார் 8.1. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால், பி.ஹெச். அளவுகோலில் அந்தப் புள்ளி ஒன்றுக்கு, அமிலத் தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் செய்தியைப் போனில் பாப்பாவிடம் சொன்னேன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நம்ம ஹால் மாதிரியே ஆயிடுச்சா சித்தப்பா?"

"அதே மாதிரிதான்டா."

"நம்ம ஹால்ல ஜன்னலைத் திறந்தோம். கடலுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் இருக்கு?"

கூட்டல் கழித்தல் எவ்வளவு வேண்டுமானாலும் போடுவேன். இதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள் சார், ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு.